மூன்று பெட்ரோனெல்லாக்களின் அலமாரிகள்

வீட்டுக்குள் வரலாறு – 12

1686ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் முப்பது வயது விதவை ஒருவர் மறுமணம் செய்துகொண்டார். அவர் பெயர் பெட்ரோனெல்லா ஓர்ட்மன். மாப்பிள்ளை யொஹான்னஸ் பிராண்ட் பட்டு வணிகர், பணத்துக்குக் குறைவில்லாதவர். அந்தத் திருமணத்தையொட்டி பெட்ரோனெல்லா ஓர் அலமாரிக்குள் வீடு கட்டத் தொடங்கினார். அது முடிந்தபோது 1710 ஆகியிருந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு!

அந்த அலமாரி இன்று ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியத்தில் நிற்கிறது. உயரம் 255 சென்டிமீட்டர், அகலம் 190, ஆழம் 78. நல்ல உயரமான ஆள் கையைத் தூக்கினாலும் உச்சியைத் தொடுவது சிரமம். வெளிப்புறம் முழுக்க ஆமை ஓடு பதித்து, அதன் மேல் வெள்ளீயக் கம்பியால் கொடிவேலை செய்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் மூன்று அடுக்கில் ஒன்பது அறைகள். நாற்காலி, கட்டில், கூடை, பறவைக் கூண்டு என்று எல்லாமே ஒரே அளவுகோலில், நிஜத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக இருக்கின்றன. நிஜ வீட்டில் எதைப் பளிங்கால் செய்வார்களோ அது இங்கும் பளிங்குதான். வெள்ளி என்றால் வெள்ளி. கூடை பின்னுகிறவர் கூடை பின்னியிருக்கிறார், தச்சர் மேசை செய்திருக்கிறார், புத்தகம் கட்டுகிறவர் விரல்நகம் அளவுப் புத்தகத்துக்கு அட்டை போட்டிருக்கிறார். குட்டிப் பீங்கான் பாத்திரங்கள் சீனாவிலேயே சொல்லிச் செய்யப்பட்டவை. சுவர்ச் சித்திரங்களை நிக்கோலாஸ் பீமோன்ட், யொஹான்னஸ் ஃபோர்ஹவுட், வில்லம் ஃபான் ரோயன் ஆகியோர் வரைந்தார்கள். மூவரும் ஊரில் பெரிய வீடுகளுக்கு வரைந்துகொண்டிருந்த ஓவியர்கள்.

இதற்கு ஆன செலவு இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் கில்டர் வரை என்று கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகைக்கு ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரையில் குடியிருக்கத்தக்க நிஜ மாளிகையையே வாங்கியிருக்கலாம். கைத்திறன் உள்ள ஒரு தொழிலாளி அப்போது ஆண்டு முழுக்க உழைத்தால் சுமார் 300 கில்டர் சம்பாதிப்பார். அவர் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தாலும் இந்த அலமாரிக்கு அறுபது எழுபது ஆண்டுகள் போதாமல் போகலாம்.

சென்ற பகுதியில் நியூரம்பர்க் நகரத்துப் பொம்மை வீடுகளைப் பார்த்தோம். அன்னா கோஃபர்லின் என்ற பெண் 1631இல் தன் பொம்மை வீட்டைக் காசு வாங்கிக்கொண்டு ஊராருக்குக் காட்டியது நினைவிருக்கும். குடும்பம் நடத்துவது எப்படி என்று சிறுமிகள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். டச்சுக்காரர்களிடம் வந்ததும் கதை மாறுகிறது. ஓர்ட்மனின் அலமாரியை எந்தச் சிறுமியும் தொட்டு விளையாடியிருக்க மாட்டாள். நம் வீட்டுக் குழந்தைகளின் சொப்புச் சாமான்களோடு இதைச் சேர்த்துப் பார்க்கவே கூடாது. இது கல்யாணமான, காசுள்ள, நடுவயதுப் பெண்களின் சேகரிப்பு. விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு முடித்ததும் திரையை விலக்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வோர் அறையாகக் காட்டி விளக்கம் சொல்வதற்கான பொருள். அதே காலத்தில் வீட்டு ஆண்கள் சங்கு, நாணயம், பவளம், பாடம் செய்த பறவை ஆகியவற்றை அலமாரிகளில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தைப் பெட்டிக்குள் அடைத்து வைக்கும் ஆசை அந்த நூற்றாண்டில் எல்லோரையும் பிடித்திருந்தது. பெண்கள் தாங்கள் ஆண்ட உலகத்தை அடைத்து வைத்தார்கள்.

அது என்ன ஆட்சி என்று கேட்கலாம். ஹாலந்தின் சட்டப்படி மணமான பெண் கணவரின் பாதுகாவலுக்குக் கட்டுப்பட்டவர். தன் பெயரில் வழக்காட முடியாது, அவர் சம்மதம் இல்லாமல் சொத்தை விற்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வேண்டியதை வாங்குவதில் அவர் கை சுதந்திரமானது. கடையில் அவர் சொல்லும் கணக்கைக் கணவர் கொடுத்தே தீர வேண்டும். (இதே ரோமன்-டச்சுச் சட்டம்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. அந்நாட்டுப் பொதுச் சட்டத்தின் அடித்தளமாக இன்றும் அது இருக்கிறது.) யாகோப் கட்ஸ் என்ற கவிஞர் 1625இல் திருமணத்தைப் பற்றி எழுதிய பெரும் நூல் டச்சு வீடுகளில் பைபிளுக்கு அடுத்தபடியாக இருந்தது. கணவனுக்கு வெளியுலகம், மனைவிக்கு வீடு என்று அது பங்கு பிரித்துக் கொடுத்தது. அந்தப் பங்கை இந்தப் பெண்கள் எவ்வளவு விரிவாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை இந்த அலமாரிகள் காட்டுகின்றன.

தற்செயலாக, நமக்குக் கிடைத்திருக்கும் மிக முக்கியமான மூன்று பதினேழாம் நூற்றாண்டு டச்சுப் பொம்மை வீடுகளின் சொந்தக்காரிகளும் பெட்ரோனெல்லாக்கள்தான். ஓர்ட்மன் ஒருவர். அவருக்கு மூத்தவர் பெட்ரோனெல்லா டி லா கோர்ட். கணவருக்குப் பட்டு வணிகமும் மதுபான ஆலையும் இருந்தன. அவருடைய வீடு 1670 முதல் 1690 வரையிலான ஆண்டுகளில் உருவாகி, இப்போது உட்ரெக்ட் நகரின் சென்ட்ரால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சுமார் 1600 பொருள்கள். தரைத்தளத்தில் சிலைகள் வைத்த தோட்டம்கூட உண்டு. கலைப்பொருள்களுக்கென்றே ஓர் அறை ஒதுக்கி, அன்றைய ஓவியர்களின் கைப்பட்ட குட்டி ஓவியங்களைச் சுவர் நிறைய மாட்டியிருக்கிறார். மூன்றாமவர் பெட்ரோனெல்லா டுன்வா. சுமார் 1676இல் தன் பொம்மை வீட்டை அமைத்து, மறு ஆண்டு லெய்டன் நகரத்து மாப்பிள்ளையை மணந்தபோது சீர்வரிசையோடு அதையும் எடுத்துப் போனார். அவருடையதும் ரெய்க்ஸ்மியூசியத்தில்தான் இருக்கிறது. அதில் பொம்மை மனிதர்கள் இன்னும் தங்கள் இடங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால்தான் எந்த அறையில் யார் நின்றார், யார் உட்கார்ந்தார் என்பது தெரிகிறது.

வரவேற்பறையின் மேற்கூரைச் சித்திரத்தையும் பளிங்குத் தரையையும் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மேல்தளம்தான் பிடிக்கும். பணக்கார வீட்டின் ரகசியமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் துணி அறை. மடித்து அடுக்கிய வெள்ளை லினன், உலர்த்தும் சட்டங்கள், துணியை மடிப்புக் கலையாமல் அழுத்தி வைக்கும் திருகு அச்சு ஆகியவை இருக்கும் இடம். ஒரு செல்வந்தர் வீட்டில் துணிக்கு இவ்வளவு பெரிய இடம் எதற்கு? அந்தக் காலத்து ஹாலந்தில் வசதியானவர்கள் வாரா வாரம் துணி வெளுக்க மாட்டார்கள். பெரிய வெளுப்பு ஆண்டுக்குச் சில தடவைதான் நடக்கும். அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக ஹார்லெம் நகரத்து மணல்மேடுகளை ஒட்டிய வெளுப்புக் களங்களுக்குப் போகும். அங்கே காரநீரில் ஊறவைத்து, மோரில் நனைத்து, புல்வெளியில் விரித்து வெயிலில் காயவைப்பார்கள். அந்த மூட்டை திரும்பி வரும்வரை வீட்டில் மாற்றுத் துணி இருக்க வேண்டும் அல்லவா? படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைவிரிப்பு, கைக்குட்டை, உள்சட்டை எல்லாம் டஜன் டஜனாக இருந்தால்தான் மாதக்கணக்கில் தாங்கும். இல்லாதவர்கள் இருக்கிற ஒன்றிரண்டைத் துவைத்துத் துவைத்துக் கட்ட வேண்டும். ஆகவே, எத்தனை நாள் துவைக்காமல் இருக்க முடிகிறது என்பதே செல்வத்தின் அளவுகோலாக இருந்தது. துணி அலமாரியின் சாவி வீட்டு எஜமானியின் இடுப்பில் தொங்கியது. ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூலால் குடும்பத்தின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் தைத்திருப்பார்கள். தொலைந்தால் தெரிய வேண்டும், வெளுப்பவரிடம் மாறிப் போகவும் கூடாது.

துணி அறைக்குப் பக்கத்தில் பீட் பரண். பீட் என்பது சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்து உலர்த்திய கரிமண் கட்டி. காடுகள் குறைந்த ஹாலந்தின் அடுப்பெல்லாம் அதில்தான் எரிந்தது. படகில் வந்து வாசலில் இறங்கும் கட்டிகளைக் கயிறு கட்டி, கூரை முகப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தின் வழியாக மேலே இழுத்து, குளிர்காலத்துக்குச் சேமிப்பார்கள். ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர்கள் அந்தக் கொக்கி உத்தரங்களை இன்றும் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். அந்தக் காலத்து ஓவியர்கள் கீழ்த்தளத்து அறைகளை அலுக்காமல் வரைந்தார்கள். பால் ஊற்றும் பெண்ணையும், கடிதம் படிக்கும் பெண்ணையும், ஜன்னல் வெளிச்சத்தையும் நாம் அவர்களிடமிருந்து அறிவோம். பரணில் கரிக்கட்டியை யார் வரையப் போகிறார்? ஆனால் ஓர்ட்மனும் டுன்வாவும் விலையுயர்ந்த அலமாரியில் அதற்கும் ஓர் அறை ஒதுக்கினார்கள். ஆமை ஓடு பதித்த பேழையில், பணிப்பெண்கள் நடமாடும் பரணில், எரிபொருள்! குளிரும் ஈரமும் உள்ள ஊரில் ஒரு குடும்பம் மார்ச் மாதம்வரை தாக்குப்பிடிக்குமா என்று கணக்குப் போட்டவருக்குத்தான் அந்தப் பரணை விட்டுவிட மனம் வராது. இந்த இடத்தில் அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

நோட்டரிகளின் பட்டியல்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் இறந்தால் நோட்டரி வந்து அறை அறையாக நடந்து, இருப்பதையெல்லாம் எழுதுவார். ஆயிரக்கணக்கான பட்டியல்கள் ஆம்ஸ்டர்டாம் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதில் இத்தனை செம்புப் பாத்திரம், இத்தனை தட்டு என்ற எண்ணிக்கை கிடைக்கும். அந்தச் செம்பு எந்த உயரத்தில் தொங்கியது, பணிப்பெண்ணின் கைக்கு எட்டியதா, எதன் பக்கத்தில் எது இருந்தது என்பது கிடைக்காது. வரலாற்றாசிரியர்கள் பட்டியலை ஒரு கையிலும் பொம்மை வீட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். பொம்மை வீடு மட்டும் போதாது. அழுக்கும் சண்டையும் கடனும் இல்லாத, இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் ஆசைப்பட்ட வீடு அது.

கீழே இரண்டு சமையலறைகள். ஒன்றில் சமைப்பார்கள், மற்றொன்றில் சமைக்க மாட்டார்கள். சமைக்காத சமையலறைக்கு ‘அலங்காரச் சமையலறை’ என்றே பொருள்படும் பெயர் உண்டு. கண்ணாடி அலமாரியில் பீங்கான் அடுக்கி, பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். குடும்பம் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், நெருங்கியவர்களோடு பேசலாம். புகையும் மீன் செதிலும் பக்கத்து அறையோடு நின்றுவிடும். அந்தப் பீங்கான் லட்சக்கணக்கில் கம்பெனிக் கப்பல்களில் ஆசியாவிலிருந்து வந்து இறங்கியது. அதைப் பார்வைக்கு வைப்பதற்கென்று ஓர் அறையே தேவைப்படும் அளவுக்கு வந்தது.

இனி, மூன்று அலமாரிகளிலும் நடுநாயகமாக இருக்கும் பிரசவ அறை.

பிள்ளை பெற்றவர் பல நாள் அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஆனால் அந்த அறைக்கு ஊரே வரும். வாசல் கதவில் சரிகை வைத்த சிறு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, இந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெருவுக்குச் சொல்வார்கள். உள்ளே கணப்பின் பக்கத்தில் பிரம்பால் பின்னிய தாழ்வான நீண்ட இருக்கை இருக்கும். குழந்தையைக் கவனிக்கும் தாதி அதில் காலை நீட்டி உட்கார்ந்து, காற்றுப் படாமல் சூட்டில் வைத்துக் குழந்தைக்குத் துணி சுற்றுவார். வீட்டிலேயே விலை கூடிய கட்டில் திரை, விலை கூடிய விரிப்பு, வெள்ளிப் பாத்திரங்கள் எல்லாம் இந்த அறைக்குத்தான் வரும். ஏனென்றால் பெண்களைப் பெண்கள் பார்க்க வரும் சபை இது. பிரசவத்தில் தாயோ குழந்தையோ இறப்பது அன்றாடச் செய்தியாக இருந்த காலம். அத்தனை ஜோடனைக்கு நடுவிலும் அந்தப் பயம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்திருக்கும்.

பார்க்க வந்தவர்களுக்கு ‘காண்டேல்’ என்ற பானம் கொடுப்பார்கள். திராட்சை மது, முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, பட்டை, கிராம்பு சேர்த்து அடுப்பில் கிளறிக் காய்ச்சிய கெட்டியான பானம். கிண்ணத்தில் பட்டைக் குச்சியே கரண்டியாக நிற்கும்.

அந்தக் குச்சியைச் சற்றே பின்தொடர்ந்து போகலாம். பெட்ரோனெல்லா ஓர்ட்மன் பிறந்தது 1656இல். அதே ஆண்டு மே மாதம் டச்சுக் கம்பெனி போர்ச்சுகீசியரிடமிருந்து கொழும்பைப் பிடித்தது. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அதன் கைக்கு வந்தன. உலகத்தின் நல்ல கறுவாப்பட்டை முழுவதும் அதோடு ஒரே வணிகரின் கிடங்குக்குப் போனது. இலங்கையில் சாலகம சமூகத்தினர் காட்டுக்குள் சென்று ஆளுக்கு இவ்வளவு என்று விதித்த எடைக்குப் பட்டை உரித்துக் கொடுக்க வேண்டும் என்பது கட்டாயம். அது கூலி வேலை அல்ல, ஊழியம். கிராம்பு அம்போன் தீவிலிருந்து வந்தது, விலையை ஏற்றிப் பிடிப்பதற்காக மற்ற தீவுகளில் கிராம்பு மரங்களைக் கம்பெனி வெட்டிச் சாய்த்திருந்தது. சர்க்கரை அட்லாண்டிக்குக்கு அப்பால் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வெட்டிய கரும்பிலிருந்து வந்தது. 1683இல் சூரினாம் குடியேற்றத்தை நிர்வகிக்கத் தொடங்கிய சங்கத்தின் மூன்று பங்குதாரர்களில் ஆம்ஸ்டர்டாம் நகரமே ஒருவர்.

துணியும் இந்தப் பக்கத்திலிருந்துதான் போனது. சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையகம் முதலில் பழவேற்காட்டிலும், 1690 முதல் நாகப்பட்டினத்திலும் இருந்தது. அங்கிருந்து ஏற்றப்பட்ட சரக்கில் முக்கியமானது துணி. மெழுகும் சாயவேரும் கொண்டு கையால் எழுதிய நம் சீட்டித் துணி டச்சுச் செல்வர் வீடுகளில் படுக்கை விரிப்பானது, கட்டில் திரையானது, காலையில் அணியும் தளர்ந்த அங்கியும் ஆனது. துவைக்கத் துவைக்க வெளுக்காத அந்தச் சிவப்பைப் பார்த்து ஐரோப்பியச் சாயக்காரர்கள் திகைத்துப்போனார்கள். பழவேற்காட்டுப் பக்கத்து நெசவாளரோ சாயம் தோய்ப்பவரோ வடக்கே எங்கோ குளிரில் ஒரு பிரசவ அறை தன் துணியை மாட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்திருக்க வழியில்லை.

இவற்றில் எதுவும் அலமாரிக்குள் இல்லை. கப்பலோ கிடங்கோ உரித்த பட்டைக் கட்டோ கிடையாது. பரணில் பீட் கட்டி வைக்க மறக்காதவர்கள், எரிபொருள் வரும் வழியைக் காட்டியவர்கள், பணம் வரும் வழியைக் காட்டவில்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய ஆட்சி வாசற்படியோடு முடிந்தது, அதற்கு வெளியே கணவர்களின் கணக்குப் புத்தகம். ஆனால் இன்று அந்தப் பீங்கானையும் துணியையும் பார்க்கிற நாம், அதிலும் அந்தத் துணி போன கரையில் பிறந்த நாம், வாசற்படியோடு நின்றுவிட முடியாது.

ஓர்ட்மன் தன் அலமாரியை எவ்வளவு நேசித்தார் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. சுமார் 1710இல், வீடு முடிந்த கையோடு, யாகோப் ஆப்பெல் என்ற ஓவியரை அழைத்து அதை அப்படியே வரையச் செய்தார். மனிதர்களை உட்காரவைத்து வரைவதுபோல ஓர் அலமாரிக்கு உருவப்படம்! அந்தப் படமும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அறைகளெல்லாம் ஆளுள்ள அறைகள். பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள், விருந்தினர் வந்திருக்கிறார்கள், பிரசவ அறையில் கூட்டம். படத்தை விட்டு அலமாரிக்குத் திரும்பினால் வெறிச்சென்று இருக்கிறது. மெழுகு முகமும் பட்டு உடையுமாக இருந்த அந்த மனிதர்களில் அநேகமாக எல்லோரும் இந்த முந்நூறு ஆண்டுகளில் தொலைந்துவிட்டார்கள். நாற்காலிகள் காத்துக்கொண்டிருக்கின்றன. ஜெஸ்ஸி பர்ட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் இந்த அலமாரியைப் பார்த்த தூண்டுதலில் எழுதி 2014இல் வெளியான நாவல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. நாவலில் வரும் பெட்ரோனெல்லா கற்பனைப் பெண், நிஜமானவரின் வாழ்க்கை அல்ல அது. என்றாலும் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்த ஒருவருக்கு யாரையாவது கொண்டுவந்து உட்காரவைக்கத் தோன்றியிருக்கும் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

பெட்ரோனெல்லா ஓர்ட்மன் 1716இல் இறந்தார். அடுத்த தலைமுறையில் இந்த ஆசை சாரா ரோத்தே என்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம் வணிகர் யாகோப் ப்ளோஸ் ஃபான் ஆம்ஸ்டெலின் மனைவி அவர். 1743இல் ஓர் ஏலத்தில் மூன்று பழைய பொம்மை வீடுகளை மொத்தமாக வாங்கி, பிரித்து, கலைத்து, புதிதாக இரண்டு வீடுகளை அமைத்தார். ஒன்று இப்போது ஹார்லெமிலும் மற்றொன்று ஹேக் நகரிலும் இருக்கிறது. பெட்ரோனெல்லாக்கள் செய்யாத ஒரு காரியத்தை சாரா செய்தார். எதை வாங்கினார், யாரிடம் செய்யக் கொடுத்தார், எதைத் தன் கையால் தைத்தார், என்ன விலை கொடுத்தார் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பேட்டை அடுத்த பகுதியில் திறப்போம்.